முள்ளியவளையில் கிடந்த திறப்பு

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது ஒரு படம். குத்துவிளக்கு எரிகிறது. சுற்றி நிற்கும் கழுத்துப்பட்டி அணிந்த பெரியவர்கள் மெழுகுதிரியைக் கையில் பிடித்தபடி, விளக்கைப் பார்க்காமல் கமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் தொங்கும் பதாகையில் 'எந்நேரமும் எங்கிருந்தும் வாசிக்கலாம்' என்று எழுதியிருக்கிறது. எண்ணிம நூலகத்தைத் திறந்துவைத்த படமாம். எந்த மாதம், எந்த ஆண்டு என்று ஒரு சொல் இல்லை. எங்கள் பகுதியில் எந்த மாரிக்கு எந்தக் குளம் உடைப்பெடுத்தது, எந்தப் பாதை எப்போது மூடுண்டு எப்போது திறந்தது என்பதையெல்லாம் வருடக்கணக்காக எழுதிவருகிறவன் நான். திகதி போடாத படத்தைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். விளக்கு எரிந்தது உண்மைதான். நூலகம் திறந்ததா என்பது வேறு கேள்வி.

அந்தப் பக்கத்தின் முன்னால் நான் குந்தியிருக்க நேர்ந்தது மனைவியால். அவர் துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு கல்வி முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்து, வவுனியாவில் பஸ் மாறி இன்னும் பாதி நாள் போகவேண்டிய ஊரிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வார இறுதிகளில் அலைந்து படித்தவர். தேயிலைத் தோட்டங்களிலிருந்து எங்கள் பக்கம் வந்து குடியேறிய மலையக வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் எப்போது பாடசாலைக்கு வருகிறார்கள், எப்போது வராமல் நிற்கிறார்கள், ஏன் என்பதுதான் அவருடைய ஆய்வு. ஆய்வேட்டை எழுதி முடித்து, நேர்முகமும் முடிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை பரீட்சகரின் திருத்தம் வந்தது. ஒரேயொரு திருத்தம். இதே விடயம் பற்றி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்த முக்கியமான கட்டுரையை மாணவி வாசிக்கவில்லை. அதை வாசித்து, இரண்டாம் அத்தியாயத்தில் சேர்த்து, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் பதிவு காலாவதியாகும். பிறகு பட்டமும் இல்லை, அவ்வளவு காலமும் பஸ்ஸில் நின்றபடி போய்வந்ததற்குப் பயனும் இல்லை.

அந்தக் கட்டுரையை அச்சில் எங்கும் எடுக்க முடியாது. நூலகத்தின் பக்கத்தினூடாக நுழைந்தால் வாசிக்கலாம். அதுதான் பதாகையில் இருக்கிறதே, எங்கிருந்தும் என்று. மனைவி தன் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் தட்டினார். கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது, புதிதாக மாற்றுங்கள் என்றது பக்கம். மாற்றப் போனால், உங்கள் கைத்தொலைபேசிக்கு ஓர் இரகசிய இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்றது. எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காக வருமிடம் கிணற்றுக்கட்டு. போனைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு இருவரும் காவல் இருந்தோம். காகம்தான் வந்தது.

நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். நடந்ததை ஒழுங்குமுறையாக, திகதியும் நேரமும் போட்டு, திரையைப் படமெடுத்தும் இணைத்திருந்தேன். மறுநாள் பதில் வந்தது. 'அன்பான பாவனையாளரே, உங்கள் உலாவியின் தற்காலிக நினைவகத்தை அழித்துவிட்டு, வேறொரு உலாவியில் முயற்சிக்கவும்.' அழித்தேன். வேறொன்றில் முயன்றேன். பலனில்லை என்று எழுதினேன். அதே பதில், அதே அன்போடு, ஒரு காற்புள்ளிகூட மாறாமல் திரும்பி வந்தது. எழுதியவர் எனது கடிதத்தை வாசித்திருந்தால் அப்படி எழுதியிருக்க முடியாது. நூலகத்தில் இருப்பவருக்கே வாசிக்கும் பழக்கம் இல்லையென்றால் வெளியில் இருப்பவர்களைக் குறைசொல்லி என்ன பயன்?

தொலைபேசி எடுத்தேன். நூலகத்தில் ஒரு குரல், "ஐயா, அது எங்கட இல்லை. ஐ.டி. பகுதியோட கதையுங்கோ" என்றது. ஐ.டி. பகுதியில் இன்னொரு குரல், "பாஸ்வேட் எங்கட. ஆனா நீங்கள் சொல்லுறது ஜேர்னல். ஜேர்னல் எண்டா லைப்ரரி" என்றது. மீண்டும் நூலகம்.

"ஐயா, ஒண்டு சொல்லட்டோ? நீங்கள் நேர கம்பஸுக்கு வந்தீங்கள் எண்டா பாஸ்வேட்டே தேவையில்லை. இஞ்ச இருக்கிற கொம்பியூட்டரில அப்பிடியே திறக்கும்."

"வர ஏலாத ஆக்களுக்கெண்டுதானே தம்பி இதை இணையத்தில போட்டிருக்கிறியள்?"

"ஓம், அது சரிதான்."

"சரி, மனுசிக்குக் கிழமை நாளில லீவில்லை. சனிக்கிழமை வரட்டோ?"

"சனி ஞாயிறு அந்தப் பகுதி பூட்டு, ஐயா."

எந்நேரமும் எங்கிருந்தும் வாசிக்கலாம். சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா, அரச விடுமுறை நாட்கள், மதியச் சாப்பாட்டு நேரம் நீங்கலாக. பதாகையில் இடம் போதவில்லைப் போலும்.

உண்மையான பழுதைக் கண்டுபிடித்தவர் மனைவி. வெள்ளிக்கிழமை பின்னேரம், பாடசாலையால் வந்து சேலையும் மாற்றாமல் மடிக்கணினியின் முன் இருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ, இதைப் பாத்தனீங்களே? எந்த நம்பருக்கு அனுப்பினது எண்டு கடைசி ரெண்டு இலக்கமும் காட்டுது. உது என்ர நம்பரில்லை."

"அப்ப ஆற்ற?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

மனைவியோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் அதே பட்டத்துக்கு அடுத்த பிரிவில் பதிந்திருந்தார். மனைவி அவருக்குப் போன் எடுத்து, அவருடைய கணக்கிலும் பார்க்கச் சொன்னார். அதே இரண்டு இலக்கங்கள். அவர் இன்னொருவரைக் கேட்டார். அங்கேயும் அதே. அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மனைவி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, கொமினிக்கேசன்காரன்" என்றார்.

வெளியூர்க்காரருக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இணையத்தில் எதைப் பதிவதென்றாலும் சனம் கொமினிக்கேசன் கடைக்குத்தான் போகும். போட்டோக்கொப்பி, போன் ரீலோட், அடையாள அட்டைப் படம், கடவுச்சீட்டு விண்ணப்பம் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கொண்டு நாங்கள் சொல்ல, கடைக்காரர் தட்டுவார். உறுதிப்படுத்தும் இலக்கம் வரவேண்டிய கட்டத்தில், சனத்தின் போன் வீட்டில் சார்ஜில் கிடக்கும், அல்லது புருசனின் சேட்டுப் பையில் தோட்டத்துக்குப் போயிருக்கும். ஆகவே கடைக்காரர் எல்லோருக்கும் தன் இலக்கத்தையே போட்டுவிடுவார். வேலை ஒரு நொடியில் முடியும். அதை ஒருவரும் பிழையாக நினைக்கவில்லை. 'அவர் எல்லாம் பாத்துச் செய்வார்' என்று பாராட்டிவிட்டுத்தான் எழும்பி வந்தார்கள். அப்படிப் பாராட்டியவர்களில் பட்டதாரி ஆசிரியர்கள் இருந்தார்கள், அதிபர்கள் இருந்தார்கள், மாணவர்களுக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிப்பவரும் ஒருவர் இருந்தார். தங்கள் வீட்டுத் திறப்பை அயலவரிடம் கொடுப்பதற்கு இரண்டு தரம் யோசிக்கிறவர்கள், தங்கள் பெயரிலுள்ள கணக்கையெல்லாம் ஒரு கடைக்காரரின் போனில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார்கள். மனைவியும் அவர்களில் ஒருவர் என்பதை நான் அன்று சொல்லிக்காட்டவில்லை. எனக்கும் அந்த வீட்டில்தான் சாப்பாடு.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனேன். பூட்டு. கடைக்காரர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்துச் சைக்கிள் கடையில் சொன்னார்கள். நல்லவேளை, இழுப்புக் கதவில் தீந்தையால் எழுதிய போன் இலக்கம் அழியாமல் இருந்தது. கடைசி இரண்டு இலக்கங்களும் பொருந்தின. எடுத்தால் ஒரு பெண் பேசினார். கடைக்காரரின் மனைவி, தாய்வீட்டோடு முள்ளியவளையில் இருக்கிறார். புருசனின் பழைய போன் இப்போது அவரிடம். வீட்டுக்கு வந்து மீண்டும் எடுத்து, போனை மனைவியிடம் கொடுத்தேன்.

"தங்கச்சி, இப்ப உங்கட போனுக்கு ஒரு கோட் வரும். அதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன்."

"என்னக்கா, நீங்களுமோ? ஒரு நாளைக்கு எத்தினை கோட் வருது தெரியுமே. கோவிக்காதேங்கோ, நான் சொல்லமாட்டன்."

"ஏன் தங்கச்சி?"

"மாதர் சங்கத்துக்கு பாங்க்கால வந்தவை. ஆர் கேட்டாலும் கோட் சொல்லாதேங்கோ, டீச்சர் எண்டு சொல்லுவினம், பொலிஸ் எண்டு சொல்லுவினம், ஒருத்தரையும் நம்பாதேங்கோ எண்டு வடிவாச் சொல்லிப்போட்டுப் போனவை."

"நான் உண்மையாவே டீச்சர் தங்கச்சி."

"அதைத்தானக்கா அவையும் சொன்னவை."

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடைசியில், ஆளை நேரில் கண்டால் சொல்கிறேன் என்று அந்தப் பெண் இணங்கினார். ஓர் இணைய நூலகத்துக்குள் நுழைவதற்காக ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். மல்லாவி, மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளை. 'எங்கிருந்தும்' என்பதன் பொருளை அந்த வெயிலில் நான் நன்றாக விளங்கிக்கொண்டேன். எங்கிருந்தாலும் முள்ளியவளைக்குப் போகவேண்டும்.

வாழைகளுக்கு நடுவில் வீடு. படலையைத் திறந்து உள்ளே போகும்போதே, நேரத்தை மிச்சம் பிடிக்கலாமென்று மனைவி தன் போனில் இலக்கத்தை அனுப்பும்படி அழுத்திவிட்டார். உள்ளே ஒரு மணி அடித்தது. அந்தப் பெண் போனை எடுத்துப் பார்த்து, "ஓம், வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு, அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார்.

"இருங்கோ. முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. உவ்வளவு தூரம் வந்த ஆக்கள்."

"இல்லைத் தங்கச்சி, அது கொஞ்ச நேரந்தான் நிக்கும்."

"அது எங்க ஓடப்போகுது, போனுக்குள்ளதானே கிடக்கு."

வந்த வீட்டில் தேநீரை மறுத்து அலுவலை முதலில் கேட்பது எங்கள் ஊர்களில் யாராலும் முடியாத காரியம். எங்களாலும் முடியவில்லை. பால் காய்ச்சப்பட்டது. பயற்றம்பணியாரம் தட்டில் வந்தது. எல்லாம் முடிந்து இலக்கத்தைத் தட்டியபோது அது செத்து வெகுநேரமாகியிருந்தது.

இரண்டாம் முறை அனுப்பச் சொன்னோம். இந்த முறை ஒரே நேரத்தில் இரண்டு மணி அடித்தது. துணுக்காயிலோ வேறெங்கோ இன்னொருவரும் தன் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பெண் மேலே இருந்ததை வாசித்தார். அது மற்றவருடையது. கீழே இருந்ததைத் தட்டுவதற்குள், பலமுறை பிழையாக முயன்றதால் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது, சற்று நேரம் கழித்து முயற்சிக்கவும் என்று பக்கம் சொன்னது. சற்று நேரம் என்றால் எவ்வளவு நேரம்? படத்துக்குத் திகதி போடாதவர்கள் இதற்கு மட்டும் நேரம் போடுவார்களா?

"பிறகென்ன, சாப்பிட்டுட்டே போங்கோ" என்றார் அந்தப் பெண். குசினியில் ஏற்கெனவே மீன் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது கதை கதையாகச் சொன்னார். போனுக்கு வரும் இலக்கங்களை வைத்தே ஊரில் யார் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறார், யார் வேலை தேடுகிறார் என்று தனக்குத் தெரிந்துவிடுமாம். "இவர் போகேக்க காசு வைச்சிட்டுப் போகேல்லை அக்கா, உந்தக் கோட்டுகளைத்தான் வைச்சிட்டுப் போனவர்."

பின்னேரமாகத்தான் கணக்கு திறந்தது. இந்த முறை இலக்கம் வந்தவுடனேயே வாசித்தார், தேநீர் இல்லாமல். மனைவி கடவுச்சொல்லை மாற்றினார். கையோடு போன் இலக்கத்தையும் தன்னுடையதாக மாற்றினார். நூலகத்துக்குள் நுழைந்தார். கட்டுரை வந்தது. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியாமல், முற்றத்தில் கதிரையைப் போட்டு அங்கேயே வாசிக்கத் தொடங்கினார்.

முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். எழுதியவர்கள் இருவர். இரண்டாவது பெயர் பரீட்சகருடையது.

"பாத்தீங்களே?" என்று போனை என் பக்கம் திருப்பினார். "தான் எழுதினதைத்தான் நான் வாசிக்கேல்லையெண்டு போட்டிருக்கிறார்."

எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அறிவுலகத்தில் முக்கியமான கட்டுரை என்பது பெரும்பாலும் சொல்பவரின் கட்டுரைதான். ஆனால் மனைவி தொடர்ந்து வாசிக்க வாசிக்க அவருடைய முகம் வேறு மாதிரியாக மாறியது. பக்கத்தில் நின்ற அந்தப் பெண் பயந்துபோய், "என்னக்கா, பெயிலெண்டு வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

கட்டுரை இரண்டு பாடசாலைகளை ஒப்பிட்டது. இரண்டாவதில் படிப்பவர்கள் அநேகமாக எல்லோரும் மலையக வம்சாவளிப் பிள்ளைகள். பாடசாலைகளின் பெயர் போடாமல் எழுத்துகளால் குறித்திருந்தார்கள். ஆனால் இரண்டாவது பாடசாலைக்கு முன்னால் குளக்கட்டு, பக்கத்தில் அரைச்சுவர் மண்டபம், பஸ் தரிப்பிடத்திலிருந்து நடக்கவேண்டிய மண்பாதை எல்லாம் விபரிக்கப்பட்டிருந்தன. மனைவியின் பாடசாலை. எடுத்துக்கொண்ட காலம் ஒரு வருடத்தின் மூன்றாம் தவணை. கார்த்திகைக் கடைசியில் மலையக வம்சாவளிப் பிள்ளைகளின் வரவு அப்படியே விழுந்துவிட்டதாம். காரணம், அந்தச் சமூகத்துப் பெற்றோர் கல்வியில் அக்கறையற்றவர்கள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில் அதை இன்னும் நாகரிகமாக எழுதியிருந்தார்கள். நாகரிகமாக எழுதியதால் அதன் அழுக்குக் குறையவில்லை.

அந்தக் கார்த்திகை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளம் ஏறி அந்தப் பிள்ளைகளின் குடியிருப்பு முழுதும் தண்ணீருக்குள் போனது. சனம் வந்து தங்கியது அதே பாடசாலையில். பிள்ளைகள் தாய் தகப்பனோடு வகுப்பறைகளில் பாய் விரித்துப் படுத்தார்கள். மனைவியும் மற்ற ஆசிரியைகளும் அங்கே நின்று சமைத்தார்கள். பாடசாலையை மூடச் சொல்லி வலயக் கல்வி அலுவலகம் போனில் சொன்னதே தவிரக் கடிதம் அனுப்பவில்லை. கடிதம் வராததால், கடதாசியில் பாடசாலை திறந்தே இருந்தது. படிப்பு நடக்காத நாட்களெல்லாம் பிள்ளைகள் வராத நாட்களாகப் பதியப்பட்டு வலயத்துக்குப் போயின. அந்த எண்களைத்தான் ஆய்வாளர்கள் வலயத்தில் கேட்டு வாங்கி அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஒருநாள் வந்து யாரையாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். துணுக்காய் தூரமாக இருந்திருக்கும்.

"பள்ளிக்கூடத்துக்குள்ளையே கிடந்த பிள்ளையளை, பள்ளிக்கூடம் வரேல்லை எண்டு எழுதியிருக்கினம்" என்றார் மனைவி.

திங்கட்கிழமை அவர் தன் ஆய்வு மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"டீச்சர், நல்லதாப் போச்சு. ரெண்டாம் அத்தியாயத்தில ஒரு வரி போடுங்கோ. 'இந்த முடிவை இன்னாரின் ஆய்வும் உறுதிப்படுத்துகிறது' எண்டு. அவர் பாத்துட்டுக் கையெழுத்து வைப்பார்."

"சேர், உறுதிப்படுத்தேல்லையே. பிழையெல்லோ அது."

"பிழையெண்டாலும் அவர் பரீட்சகர்."

"வெள்ளம் நிண்ட நாளுகளைக் கணக்கில எடுத்திருக்கினம் சேர்."

"டீச்சர், நீங்கள் பாஸ் பண்ணப் போறீங்களோ, சண்டை பிடிக்கப் போறீங்களோ? வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"வாசிக்கச் சொன்னவை சேர். வாசிச்சிட்டன். வாசிச்சதைத்தானே எழுதலாம்."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது. கற்றவர்கள் பயப்படும்போது அதற்குப் பெயர் அனுபவம்.

அந்தக் கிழமை மனைவி ஒவ்வொரு பின்னேரமும் அதை எழுதினார். கோபமான வரி ஒன்றும் இல்லை. கட்டுரையின் அட்டவணையை எடுத்து, வெள்ளம் வந்த நாட்கள், சனம் பாடசாலையில் தங்கிய நாட்கள், திரும்பிப் போன நாட்கள் ஆகியவற்றைப் பக்கத்தில் போட்டார். அந்த நாட்களைக் கழித்தால் அந்தப் பிள்ளைகளின் வரவு மற்றப் பாடசாலைப் பிள்ளைகளினதைப் போலவே இருக்கிறது என்று எழுதினார். திகதிகளுக்கு மட்டும் என்னைக் கேட்டார். மற்றதெல்லாம் அவருக்கே தெரியும், சமைத்தவர் அவர். இரவில் ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அவர் கோவத்தில நிராகரிச்சா?" என்று கேட்டார். "நிராகரிச்சா நிராகரிக்கட்டும் எண்டு சொல்ல எனக்கு லேசு. படிச்சது நீர்" என்றேன். அவர் திரும்பவும் தட்டத் தொடங்கினார். வியாழக்கிழமை ஒப்படைத்தார்.

பதில் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. பரீட்சகர் தன் கட்டுரை பிழையென்று ஒப்புக்கொள்ளவில்லை. சரியென்று வாதாடவும் இல்லை. 'திருத்தம் திருப்திகரமானது. எனினும் இப்பகுதி அத்தியாயத்தின் ஓட்டத்தைத் தடைசெய்வதால், இதை அடிக்குறிப்பாக மாற்றினால் நன்று' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். பெரிய எழுத்தில் பிழைவிட்டவருக்குத் திருத்தம் சின்ன எழுத்தில் இருக்கவேண்டும் என்பதில் அக்கறை இருந்தது.

"மாத்திக் குடுக்கட்டோ?" என்று மனைவி என்னைக் கேட்டார்.

"பட்டம் உம்முடையது."

அவர் மாற்றினார். ஒரு வரியையும் வெட்டவில்லை, அட்டவணையையும் எடுக்கவில்லை. அட்டை கட்டி முடித்து வந்த ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே அத்தியாயத்தின் இரண்டு வரிகள் ஓடுகின்றன, எந்தத் தடையும் இல்லாமல். மிச்சப் பக்கம் முழுவதும் அடிக்குறிப்பு. அது அடுத்த பக்கத்திலும் தொடர்கிறது.